நூம்பல் பெட்டி

அத்தியாயம் 7

"பெட்டியத் தேட வேணாம் சார்."

கம்பி வலைக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு சரண் இதை மூன்றாவது முறையாகச் சொன்னான். துப்பறியும் உத்தமனுக்கு எரிச்சல் வந்தது. இருபது வருஷத் தொழிலில் காலில் விழுந்து அழுதவர்களைப் பார்த்திருக்கிறார், சட்டையைப் பிடித்து உலுக்கியவர்களையும் பார்த்திருக்கிறார். உள்ளே இருப்பவனே வெளியே வரமாட்டேன் என்று அடம்பிடிப்பதை இப்போதுதான் பார்க்கிறார்.

"நாளைக்குப் பத்தரைக்கு உன் ஜாமீன் மனு வருது. அந்தப் பெட்டி வேற எவன் கையிலயோ இருக்குன்னு காட்டினாத்தான் உனக்கு வழி. இல்லேன்னா மனு தள்ளுபடி. அப்புறம் கேஸ் முடியற வரைக்கும் இங்கேதான். புரியுதா?"

"புரியுது சார்."

"யாருக்குப்பா பயப்படறே?"

சரண் தரையைப் பார்த்தான். இருபத்தாறு வயதுப் பையன் பதினாறு நாளில் நாற்பது வயது ஆளாகத் தெரிந்தான். நேரம் முடிந்துவிட்டதாகக் காவலர் கையைக் காட்டியபோதுதான் மறுபடி வாயைத் திறந்தான்.

"விஜிய நேர்ல போயி வேலை கேக்கச் சொல்லுங்க சார். அது போதும்."

இதற்கு என்ன அர்த்தம் என்று கேட்பதற்குள் அவனை அழைத்துப் போய்விட்டார்கள்.

வெளியே வேப்பமர நிழலில் ஸ்கூட்டர் மேல் சாய்ந்தபடி கண்ணம்மா காத்திருந்தாள். வயது ஐம்பத்து மூன்று. அம்பத்தூரில் ஒரு பட்டறையின் டைம் ஆபீசில் இருபத்தைந்து வருஷம் உட்கார்ந்து, வருகிறவன் போகிறவன் முகத்தைப் பார்த்தே பொய்யை எடை போட்டவள். பட்டறை மூடியதும் கரையான்சாவடியில் ஜெராக்ஸ் கடை மாடியில் இருக்கும் உத்தமனின் ஆபீசுக்கு உதவியாளராக வந்து சேர்ந்தாள். வண்டி ஓட்டுவது அவள். பின்னால் உட்கார்ந்து பயப்படுவது அவர்.

"இன்னா தம்பி, கிளி பேசிச்சா?"

"பேசிச்சு அக்கா. பெட்டியைத் தேடாதேன்னு பேசிச்சு."

"நல்லா கீது. நோயாளியே வைத்தியர வெளிய தள்ளி கதவ சாத்தறான்."

அவள் பக்கத்தில் சாப்பாட்டுத் தூக்கோடு நின்றிருந்தாள் விஜி, சரணின் தங்கை. உத்தமனை அமர்த்தியவள் அவள்தான். தூக்கை உள்ளே வாங்க மறுத்துவிட்டார்களாம். அதைத் திரும்ப வீட்டுக்கு எடுத்துப்போகவும் மனசில்லாமல், கீழே வைக்கவும் மனசில்லாமல் கையை மாற்றி மாற்றிப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

வழக்கு இதுதான். அம்பத்தூர் எஸ்டேட்டில் 'மேகக்காவல்' என்று ஒரு கம்பெனி. ஒரே முதலாளிக்கு ஊரெல்லாம் கிளை இருந்தால், ஒவ்வொரு கிளைச் சுவரிலும் ஒரு வெள்ளைப் பெட்டியை மாட்டிவிடுவார்கள். கிளையின் கம்ப்யூட்டருக்குள் போவதும் வருவதும் அந்தப் பெட்டி வழியாகத்தான். எதை விட வேண்டும், எதை மறிக்க வேண்டும் என்ற உத்தரவெல்லாம் அம்பத்தூரில் உட்கார்ந்தபடியே இன்டர்நெட்டில் அனுப்புவார்கள். 'சுகதாரா' ரத்தப் பரிசோதனை நிலையத்துக்கு மட்டும் நாற்பத்தோரு கிளை, நாற்பத்தோரு பெட்டி. பதினாறு நாளுக்கு முன்னால், ஒரு திங்கட்கிழமை மத்தியானம், எவனோ உள்ளே புகுந்து அத்தனை கிளைகளின் கம்ப்யூட்டர்களையும் பூட்டிவிட்டுப் போனான். லட்சம் பேருடைய ரிப்போர்ட் போயே போய்விட்டது. அவன் நுழைந்த வாசல், நூம்பல் கிளைப் பெட்டி.

இதில் கொடுமை என்னவென்றால், நூம்பல் கிளையைக் கார்த்திகை மாதமே மூடிவிட்டார்கள். செத்துப்போன அந்தப் பெட்டிக்குத் தை மாதம் மறுபடி உயிர் கொடுத்தது, மேகக்காவலின் கட்டுப்பாட்டு அறையில் வேலை பார்த்த சரணின் பெயரும் பாஸ்வேர்டும். ஏன் கொடுத்தாய் என்று போலீஸ் கேட்டது. அவன் வாயைத் திறக்கவில்லை. அன்றைக்கே அவனைப் பிடித்து உள்ளே போடப் போலீசுக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

"எங்கண்ணன் ஒரு பென்சிலகூட ஆபீஸ்லேந்து எடுத்தாராது சார்," என்றாள் விஜி. "போலீஸ் வந்து ஊட்டையே தொடச்சிட்டாங்க. அண்ணனோட லேப்டாப்பு, போனு, ஒயரு, எங்கப்பாவோட பழைய ரேடியோ வரைக்கும் அள்ளிகினு போய்ட்டாங்க. சாமி அலமாரி ஒண்ணுதான் பாக்கி."

"நீ இன்னா படிச்சிகீறே கண்ணு?" என்று பேச்சை மாற்றினாள் கண்ணம்மா.

"பி.சி.ஏ. அக்கா. அஞ்சு மாசமா வேலை தேடறேன். அந்தத் திங்கக்கிழமைகூட ஒரு ஆஃபர் லெட்டர் மெயில்ல வந்துது. ஆசையா தொறந்தா வெத்துக் காயிதம். ஏமாத்து."

"எனக்கும் வந்துது. அமெரிக்கால மிலிட்டரிகாரனாம், என்னக் கட்டிக்கறேன்னான். மூணு மருமவன் கீறானுங்க, வந்து பேசுன்னேன். அப்பால ஆளையே காணோம்."

விஜி சிரித்துவிட்டாள். சிரித்ததற்காக உடனே வெட்கப்பட்டாள். உத்தமன் அவளிடம் அண்ணன் சொன்னதைச் சொல்லவில்லை. பெரிய ஆள் யாரோ பையனை மிரட்டி வைத்திருக்கிறான் என்று அவர் மனதுக்குள் முடிவு கட்டியிருந்தார்.

நூம்பலில் சுகதாரா கிளை இருந்த இடத்தில் இப்போது வண்ணமீன் கடை. கட்டடக்காரர் லோகநாதன், வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

"பொட்டியா? கம்பெனி ஆளு டில்லிபாபுன்னு ஒர்த்தன் வந்து கயட்டிகினு போய்ட்டான் நைனா. ஆணிகூட வுடல. செவுத்துல ஓட்டதான் பாக்கி. பாக்கறியா?"

சுவரில் நான்கு ஓட்டையும், வெயில் படாத வெள்ளைச் சதுரமும் இருந்தன. சதுரத்தின் மேல்விளிம்பில் மஞ்சளாக ஒரு கறை. உத்தமன் நகத்தால் சுரண்டி முகர்ந்தார். சந்தனம்.

"ஆயுத பூஜைக்கு வெச்சது," என்று மீன்தொட்டிகளுக்கு நடுவிலிருந்து ஒரு குரல் வந்தது. லோகநாதனின் மருமகள் அனுசுயா. கிளை இருந்தபோது அங்கே ரத்தம் எடுத்தவள், இப்போது மாமனார் வாடகைக்கு விட்ட கடையில் மீனுக்குத் தீனி போடுகிறாள். "எல்லா மிசினுக்கும் வெச்சோம். அந்தப் பொட்டிக்கு மட்டும் கம்பெனிலேந்து ஆர்டரு. விபூதி, குங்குமம் தூவக்கூடாதாம். பொடி காத்து ஓட்டைல போனா பொட்டி சூடாயிடுமாம்."

"ஆர்டர் போட்டது யாரு?"

"சரண்னு கையெழுத்து இருந்துது சார்."

"அப்ப பொட்டிக்கு ஒண்ணுமே வெக்கலியா? பாவம்," என்றாள் கண்ணம்மா.

"அத்த மட்டும் எப்பிடிக்கா வெறும் நெத்தியா வுடறது? சந்தனம் ஈரம்தானே, மூணு கோடு இழுத்தேன். குங்குமத்துக்குப் பதிலா என்னோட ஸ்டிக்கர் பொட்டு ஒண்ண ஒட்டிட்டேன்." அவள் போனைத் தேடி எடுத்துப் படத்தைக் காட்டினாள். வெள்ளைப் பெட்டி, கீழே வரிசையாக மூன்று பச்சை விளக்கு, மேலே மூன்று சந்தனக் கோடு. கோட்டுக்கு நட்டநடுவில் அரக்கு நிறத்தில், ஓரமெல்லாம் வெள்ளைக் கல் வைத்த பெரிய வட்டப் பொட்டு. "என் கல்யாணத்துக்கு வாங்குனதுல மிஞ்சினது. இந்த டிசைன் இப்ப வர்றதே இல்ல."

உத்தமனுக்கு முதல் தடவையாக உடம்பில் சுறுசுறுப்பு வந்தது. ஊரில் ஒரே மாதிரி ஆயிரம் வெள்ளைப் பெட்டி இருக்கலாம். கல்யாணப் பொட்டு வைத்த பெட்டி ஒன்றுதான்.

அயனம்பாக்கம் வழியாக அம்பத்தூர் போய்ச் சேர்வதற்குள் கண்ணம்மா இரண்டு லாரிகளையும் ஒரு தண்ணீர் டேங்கரையும் முந்திவிட்டாள். உத்தமன் கண்ணைத் திறந்தபோது மேகக்காவல் வாசலில் இருந்தார்கள்.

மேலாளர் அசோக் அவர்களைக் கட்டுப்பாட்டு அறைக்கு அழைத்துப்போனார். சுவர் முழுக்கத் திரை. திரை முழுக்கப் பச்சைப் புள்ளி. ஒவ்வொரு புள்ளியும் எங்கோ இருக்கிற ஒரு கடை, ஒரு ஆஸ்பத்திரி, ஒரு ஃபைனான்ஸ். சுகதாராவின் நாற்பத்தோரு புள்ளிகள் மட்டும் சாம்பல் நிறத்தில் கிடந்தன. அந்த மூலையைப் பார்க்காமல் இருக்க எல்லோரும் பழகிக்கொண்டிருந்தார்கள்.

"நூம்பல் பெட்டி இப்ப எங்கே சார்?"

"திரையில நூம்பல்னு இருக்கு."

"நூம்பல்ல மீன் விக்கறாங்க சார்."

அசோக் கண்ணாடியைத் துடைத்தார். "எங்களுக்குக் கிளைங்கறது ஒரு புள்ளிதான் சார். பெட்டி எந்தச் சுவத்துல தொங்குதுன்னு இங்கேருந்து தெரியாது. புதுப் பெயர் போடணும்னா என் அனுமதி வேணும். பழைய பெயரை எழுப்ப யார் அனுமதியும் வேணாம். சரண் பழைய பெயரை எழுப்பியிருக்கான். பெட்டி எங்கே இருந்தாலும் தான் நூம்பல்லயே இருக்கறதா நினைச்சுக்கும். மத்த நாப்பது கிளைக்கும் உள்வழி திறந்தே இருக்கும்."

"வெளியாள் வந்தா பெட்டி சத்தம் போடாதா?" என்று கேட்டாள் கண்ணம்மா.

"விளக்கு எரியும்மா." மேசையிலிருந்த ஒரு பெட்டியை எடுத்துக் காட்டினார். "கீழே மூணு பச்சை. மேலே நடுவுல ஒண்ணு இருக்கு பாருங்க, அது எரியவே கூடாது. செவப்பா மின்னினா ஆள் உள்ளே வந்துட்டான்னு அர்த்தம். பாத்தவுடனே ஒயரைப் பிடுங்கினாப் போதும், அவனால மேல போக முடியாது. முழுசாப் பரவ அவனுக்கு நாப்பது நிமிஷம் ஆகியிருக்கு. நாப்பது நிமிஷம் அது மின்னியிருக்கும். எவனும் பாக்கலே."

"வந்தவன் தடயம் எதுவும் விடலையா?"

"எல்லாத்தையும் அழிச்சிட்டான். இது மட்டும்தான் மிச்சம்." பெட்டி எந்த நாள் எந்த நேரம் விழித்திருந்தது, எப்போது தூங்கியது என்ற பட்டியல். தை முதல் ஒரு நாள் தவறாமல் விழித்திருக்கிறது. போன மாதம் பதினொன்றாம் தேதி மட்டும் காலை ஒன்பதிலிருந்து மத்தியானம் இரண்டு வரை தூக்கம். "நெட் போயிருக்கும்," என்றார் அசோக்.

"நெட்டு இல்ல சாரே, கரண்ட்டு." கண்ணம்மா ஏற்கெனவே போனைத் தடவிக்கொண்டிருந்தாள். "ஒம்போதுலேந்து ரெண்டு. மாசாந்திர பராமரிப்பு. தெனம் மாவு ஆட்டற பொம்பளைக்குத் தெரியும் இந்த நேரம். இதோ கீது பாரு, பதினொண்ணாந்தேதி மின்தடை. நம்ம பக்கத்துல ஒரே எடம்தான். ஆவடி, கோவில்பதாகை."

உத்தமன் திரும்பிப் பார்த்தார். அறை மூலையில் கருவிப் பையோடு நின்றிருந்த ஒருவன் பையின் ஜிப்பைத் திறந்து மறுபடி மூடினான்.

"நீதான் டில்லிபாபுவா?"

"ஆமா சார்."

"நூம்பல் பெட்டியைக் கழட்டி யார்கிட்ட கொடுத்தே?"

"கன்ட்ரோல் ரூம்லதான் சார் குட்த்தேன்."

"யார் கையில?"

"மறந்துட்டேன் சார்."

"வீடு எங்கே?"

டில்லிபாபு அசோக்கைப் பார்த்தான். அசோக் சொன்னார். "கோவில்பதாகை. சரணும் இவனும் ஒரே தெரு. இவனை வேலைக்குச் சேர்த்துவிட்டதே சரண்தான்."

உத்தமன் படியிறங்கும்போது சீட்டியடித்தார். கண்ணம்மா அவரை வினோதமாகப் பார்த்தாள். கணக்கு அத்தனை சுத்தமாகத் தீர்ந்துவிட்டது அவருக்கு. பெட்டியை வீட்டுக்குக் கொண்டுபோனவன் டில்லிபாபு. கூட வளர்ந்தவனுடைய பாஸ்வேர்டு அவனுக்குத் தெரிந்திருக்கும். காட்டிக் கொடுக்க மனசில்லாமல் சரண் வாயை மூடிக்கொண்டிருக்கிறான். பொட்டு வைத்த பெட்டியை அவன் வீட்டில் கைப்பற்றினால் நாளைக் காலை பத்தரைக்கு எல்லாம் முடிந்தது.

"தம்பி, அதே ஏரியாலதானே அந்தப் பொண்ணு ஊடும் கீது?"

"அதனாலதான் அக்கா பாஸ்வேர்டு கிடைச்சிருக்கு. வண்டியை எடுங்க."

அவள் உடனே எடுக்கவில்லை. கைப்பிடியைப் பிடித்தபடி ஒரு நொடி நின்றாள். பிறகு சாவியைத் திருப்பினாள். வழியில் ஒரு கிண்டல்கூட இல்லை. அதையும் உத்தமன் கவனித்திருக்க வேண்டும்.

கோவில்பதாகையில் அவர்கள் தெருவுக்குள் நுழைந்தபோது, டில்லிபாபு பைக்கில் முந்தி வந்து தன் வீட்டு வாசலில் நின்றிருந்தான். ஓடி ஒளிகிறவனாகத் தெரியவில்லை. கதவை விரியத் திறந்து வைத்திருந்தான்.

"வாங்க சார். நீங்களே பாத்துக்குங்க."

பார்த்தார்கள். ஒரு அறை, ஒரு சமையல் மூலை. கட்டிலுக்கு அடியில், பரணில், அரிசி டிரம்முக்குப் பின்னால் எல்லாம் பார்த்தாகிவிட்டது. இன்டர்நெட் ஒயரே அந்த வீட்டுக்குள் வரவில்லை.

"எங்கேடா வெச்சிருக்கே?"

"சார்." டில்லிபாபு கையெடுத்துக் கும்பிட்டான். "கெஞ்சிக் கேக்கறேன், இத்தோட திரும்பிப் போய்டுங்க. சரண் இன்னா சொல்லிச்சோ அதான் நானும் சொல்றேன். தேடாதீங்க. நான் சத்தியம் பண்ணிகீறேன் சார், என்னால வாயத் தொறக்க முடியாது."

அவன் அழுதுகொண்டிருந்தான். தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அழுகிறவன் தன் வீட்டுக் கதவைப் பார்ப்பான், தப்பிக்கும் வழியைப் பார்ப்பான். இவன் தெருவின் மறுகோடியைப் பார்த்தான். உத்தமனும் அந்தப் பக்கம் திரும்பினார். நான்கு வீடு தள்ளி, பச்சைச் சுண்ணாம்பு அடித்த ஓட்டு வீட்டின் வாசலில், விஜியின் சாப்பாட்டுத் தூக்கு கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது.

"அக்கா," என்றார்.

"அப்பவே தெரியும் தம்பி. தப்பா இருக்கணும்னு வேண்டிகினே வந்தேன்."

வீட்டுக்குள் விஜியின் அம்மா சாமுண்டீஸ்வரி மண்ணெண்ணெய் நாற்றம் போகாத ஒரு பாயை விரித்து, இரண்டு சொம்புத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே, "எம்புள்ள வந்துடுவான் இல்ல சார்?" என்றாள். உத்தமன் தண்ணீரைக் குடித்தார்.

"பெட்டி கெடச்சுதா சார்?" என்று கேட்டாள் விஜி.

அவள் தலைக்குப் பின்னால் சாமி அலமாரி. மாங்காடு காமாட்சி படம், விளக்கு, ஊதுவத்திச் சாம்பல். படத்துக்குப் பக்கத்தில், கேபிள் ஒயர் உள்ளே வரும் ஓட்டைக்கு நேர் கீழே, வெள்ளைப் பெட்டி. போன வெள்ளிக்கிழமை இழுத்த சந்தனக் கோடு மூன்றும் காய்ந்து வெடித்திருந்தன. நடுவில் அரக்குப் பொட்டு, ஓரமெல்லாம் வெள்ளைக் கல். வீட்டையே துடைத்து எடுத்துப்போன போலீஸ், சாமிக்குரியது என்று நினைத்து அதன்மேல் விரல்கூட வைக்கவில்லை.

"அது என்னம்மா?" என்றார் உத்தமன்.

"அதுவா சார்? வைஃபை பொட்டி. ஆபீஸ்ல வேணாம்னு ஒதுக்குனதாம். பொங்கலுக்கு அப்பால அண்ணன் கொண்டாந்து மாட்டிச்சு. 'நீ பாட்டுக்குக் கண்ட எடத்துலயும் வேலைக்கு எழுதிப் போடறே, எவனாவது உன் லேப்டாப்புல பூந்துடப் போறான், இது இருந்தா காவல்'னு சொல்லிச்சு. இத்தப் போயி இன்னா சார்…"

"காவலுதானேன்னு வாராவாரம் அதுக்கும் மூணு கோடு இழுத்துடுவேன்," என்றாள் சாமுண்டீஸ்வரி. "அந்தப் பொட்டுகூட யாரோ புண்ணியவதி வெச்சது. சரணு அத்தப் பிச்சி எடுக்க வந்தான். சாமிக்கு வெச்ச பொட்டுல கை வெக்காதடான்னு தட்டி வுட்டேன்."

கண்ணம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எந்த இடத்திலும் ஏதாவது சொல்லிவிடுகிற வாய் அது. இப்போது முந்தானையை வைத்து அந்த வாயை அழுத்திக்கொண்டிருந்தாள்.

உத்தமன் எழுந்துபோய்ப் பொட்டின் ஓரத்தை நகத்தால் நெம்பினார். பசை காய்ந்திருந்தது. சட்டென்று கையோடு வந்தது. அது இருந்த இடத்தில் ஒரு சிவப்பு விளக்கு மின்னிக்கொண்டிருந்தது. பதினாறு நாளாக, இரவும் பகலும், காமாட்சிக்குப் பக்கத்தில் நின்று மின்னிக்கொண்டிருந்திருக்கிறது. அந்தத் திங்கட்கிழமை யாராவது ஒருவர் அதைப் பார்த்து ஒயரைப் பிடுங்கியிருந்தால், நாற்பது கிளையும் தப்பியிருக்கும், சரண் இந்நேரம் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருப்பான்.

அவர் அவசரமாகக் கணக்குப் போட்டார். பெட்டியை எடுத்துப்போனால், கம்பெனிப் பெட்டியைத் திருட்டுத்தனமாக வீட்டுக்குக் கொண்டுவந்தவன் சரண் என்று ஆகும். அந்த ஏமாத்து ஆஃபர் லெட்டரைத் திறந்து திருடனுக்குக் கதவைத் திறந்துவிட்டது விஜி என்று ஆகும். அண்ணன் வெளியே வரமாட்டான், தங்கை உள்ளே போவாள். எடுக்காமல் போனால் அண்ணன் ஒருவனோடு போகும். சரண் இந்தக் கணக்கை முதல் நாளே போட்டுப் பார்த்துவிட்டுத்தான் வாயை மூடியிருக்கிறான். வேறு விடை இருக்கும் என்று இருபது வருஷ அனுபவசாலி ஒருவர் காலையிலிருந்து ஊரெல்லாம் சுற்றியதுதான் மிச்சம்.

"பெட்டி கிடைக்கலேம்மா," என்றார். பொட்டைத் திரும்ப அந்த இடத்தில் வைத்துக் கட்டை விரலால் அழுத்தினார்.

பசை பிடிக்கவில்லை. பொட்டு கழன்று விளக்குத் தட்டில் விழுந்தது.

விஜி அந்தச் சிவப்பு விளக்கையே பார்த்தாள். அவள் பி.சி.ஏ. படித்தவள். அவளுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியிருக்கவில்லை. மெல்லத் திரும்பி, போலீஸ் வந்த அன்று ரிப்பேர் கடையில் இருந்ததால் தப்பி, இப்போது மூலையில் துணி போட்டு மூடி வைத்திருந்த தன் பழைய லேப்டாப்பைப் பார்த்தாள்.

"அன்னிக்கு அந்த ஆஃபர் லெட்டர தொறந்தேன்ல," என்றாள். "அப்பலேந்து அது ஆன் ஆவல சார். பழசு, செத்துப்போச்சுன்னு நெனச்சேன்."

"அண்ணனுக்குத் தெரியுமா?"

உத்தமன் பொய் சொல்ல நினைத்தார். அந்தக் கண்ணைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. "முதல் நாள்ல இருந்தே தெரியும்மா. உன்னை நேர்ல போய் வேலை கேக்கச் சொன்னான்."

விஜி தலையாட்டினாள். அலமாரிக்குப் போய் ஒயரைப் பிடுங்கினாள். சிவப்பு விளக்கு அணைந்தது. பெட்டியை ஒரு துண்டில் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டு, வாசலுக்கு வந்து செருப்பை மாட்டினாள்.

"இதால அவன் வெளிய வந்துட மாட்டான்," என்று உத்தமன் தணிந்த குரலில் சொன்னார். "நீயும் உள்ளே போவே. அவ்வளவுதான் நடக்கும்."

"தெரியும் சார். அதுக்காவ, எனக்கு பதிலா அண்ணன் உள்ள கீது, நான் இங்க சோறு துன்னுகினு கீறதா?"

சாமுண்டீஸ்வரிக்கு ஒன்றும் புரியவில்லை. எல்லோர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். "எங்கேடி கெளம்பிட்டே?"

விஜி திரும்பாமல் சொன்னாள். "அண்ணனப் பாத்துட்டு வரேம்மா."

அந்த ஒரு வார்த்தை போதுமாயிருந்தது. பதினாறு நாளாகச் செத்துக்கிடந்த அந்த அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. உத்தமன் இந்தத் தொழிலுக்கு வந்ததற்காக முதன்முறையாகத் தன்னையே சபித்துக்கொண்டார்.

"பொட்டி கெடச்சிடுச்சா அப்ப? வுட்டுடுவாங்களா? இரு இரு, ஒல ஏத்தறேன்." அவள் அவசரமாக அரிசி டிரம்மின் மூடியைத் திறந்தாள். படி கையில் நின்றது. "ராத்திரிக்கு அவனுக்கும் சேத்துதானே வெக்கணும், சார்?"

கண்ணம்மா வண்டிச் சாவியைப் பையில் தேடினாள், பாயில் தேடினாள், பாய்க்கு அடியிலும் தேடினாள். சாவி அவள் கையிலேயே இருந்தது.